சட்டாம்பிள்ளை: எழும்பூரிலிருந்து லண்டன் போய்த் திரும்பிய ஒரு வகுப்பறை

இந்த எபிசோடு மெட்ராஸைப் பத்தினது, லண்டனைப் பத்தினது, கொஞ்சம் என்னைப் பத்தினதும்கூட. முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். ஏன்னா அதுல நான்தான் வில்லன்.

ஆறாம் வகுப்புல நான் கிளாஸ் லீடர். லீடருக்கு ஒரே வேலைதான். டீச்சர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்துக்கிட்டு போர்டு முன்னாடி நிக்கணும். யார் பேசறாங்களோ அவங்க பேரை எழுதணும். திரும்பவும் பேசினா பேருக்குப் பக்கத்துல ஒரு இன்ட்டு. மூணு இன்ட்டு விழுந்தா டீச்சர் வந்ததும் அடி. அந்த வருஷம் புதுசா ஒரு பையன் சேர்ந்திருந்தான். அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம், ஆறாவதுல எங்க இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். தினமும் லிஸ்ட்ல முதல் பேரு அவனோடது. ரெண்டாவது பேரு, அவன் பக்கத்துல உட்கார்ந்திருந்தவனோடது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. நானும் எழுதிக்கிட்டே இருப்பேன்.

ஒரு நாள் அவங்களைப் பிரிச்சு, புதுப் பையனைக் கடைசி பெஞ்ச்சுல தனியா உட்கார வச்சாங்க. அதுக்கப்புறம் அவன் பேரை நான் எழுதவே இல்ல. அடுத்த வருஷம் அவன் எங்க ஸ்கூல்லயே இல்ல.

அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அதுதான் உறுத்தல். "சயின்ஸ் மிஸ் இப்ப என்னடா சொன்னாங்க?" இதுதான் கேள்வி. பக்கத்துல இருந்தவன் தமிழ்ல சொல்லுவான். அவ்வளவுதான். அந்த வகுப்புல அந்தப் பையனுக்கு நடந்த ஒரே பாடம் அதுதான். அதைத்தான் நான் பேரு எழுதி நிறுத்தினேன்.

லீடர், மானிட்டர்னு நாம சொல்ற இந்தப் பதவிக்குத் தமிழ்ல ஒரு பழைய பேரு இருக்கு: சட்டாம்பிள்ளை. இன்னைக்கு அந்த வார்த்தையை நாட்டாமை பண்றவங்களைக் கிண்டல் பண்ணத்தான் பயன்படுத்தறோம். ஆனா ஒரு காலத்துல அது நிஜமான வேலை. அந்த வேலையோட கதையைத் தேடிப் போனா, அது எழும்பூர்ல கப்பல் ஏறி உலகத்தையே சுத்திட்டு வருது. அந்தப் பயணத்துல அதுக்கு என்ன ஆச்சுங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

1623-ஆம் வருஷம். ரோம் நகரத்தைச் சேர்ந்த பியத்ரோ டெல்லா வாலே என்கிற பயணி, இன்றைய கர்நாடகாவில் ஷிமோகா பக்கம் இருக்கும் இக்கேரிக்கு வருகிறார். அங்கே ஒரு கோயில் முன்மண்டபத்தில் நாலு பசங்க கணக்குப் படிக்கிறதைப் பார்க்கிறார். ஒருத்தன் ராகம் போட்டு இழுத்துச் சொல்றான். சொல்லிக்கிட்டே தரையில் தூவியிருக்கிற பொடி மணலில் விரலால் எழுதறான். மத்த மூணு பேரும் அதே ராகத்துல சொல்லி, அதையே எழுதறாங்க. தரை நிரம்பினதும் அழிச்சுட்டுப் புது மணல் தூவறாங்க. வாத்தியார் பக்கத்துல இல்ல. டெல்லா வாலே விடல, கேட்கிறார்: நடுவுல மறந்து போச்சுன்னா யார் உங்களைத் திருத்துவாங்க? பசங்க சொன்ன பதிலோட சாரம் இதுதான்: எங்க நாலு பேருக்கும் ஒரே இடமா மறக்கும்?

இந்தப் பதிலை நான் பல தடவை யோசிச்சுப் பார்த்திருக்கேன். ஒருத்தனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தகராறு, இன்னொருத்தனுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு. இப்படி ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது நம்ம கிளாஸ்ல தலைவலி. "இந்த செக்‌ஷன் ரொம்ப மிக்ஸ்டு, சமாளிக்க முடியல"ன்னு டீச்சர்கள் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அந்த நாலு பசங்களுக்கு அந்த வித்தியாசம்தான் பாடத்தையே நடத்தினது.

நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடமும் கிட்டத்தட்ட இந்த முறையில்தான் ஓடுச்சு. ஒரு வீட்டுத் திண்ணை, இல்லன்னா மரத்தடி. ஒரே ஒரு வாத்தியார். அஞ்சு வயசுப் பொடிசும் இருக்கும், மீசை அரும்பின பையனும் இருப்பான். ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்புன்னு சுவர் கிடையாது. சின்னவங்க மணல்ல எழுதுவாங்க, பெரியவங்க ஓலையில எழுதுவாங்க. அவனவன் சுவடி எங்க நிக்குதோ அங்கிருந்து அவனவன் பாடம். வாத்தியார் பெரிய பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அவங்க சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. இதை மேய்க்கிறவன்தான் சட்டாம்பிள்ளை.

இந்த இடத்துல நான் ஒரு நிமிஷம் பிரேக் போடணும். ஏன்னா இணையத்துல இப்ப ஒரு ஃபேஷன் ஓடுது: பிரிட்டிஷ்காரன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல எல்லாருக்கும் அருமையான படிப்பு இருந்துச்சு, அவன்தான் கெடுத்தான்னு. இதுக்கு ஆதாரமா ஒரு கணக்கைக் காட்டுவாங்க. அந்தக் கணக்கு உண்மையானது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்டக் கலெக்டர்கள் எல்லாரையும் பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னார். மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அந்த ஆவணங்களைத் தேடியெடுத்து தரம்பால் 1983-ல் ஒரு புத்தகமாவே போட்டார். தமிழ் மாவட்டங்கள்ல அந்தப் பசங்கள்ல பெரும்பகுதி பிராமணர் அல்லாதவங்கங்கறதும் அதுல தெரியுது. இது சாதாரண விஷயம் இல்ல.

ஆனா திண்ணைங்கறது யாரோட திண்ணை? அது ஒருத்தர் வீட்டோட ஒரு பாகம். யார் அந்தத் திண்ணையில ஏறலாம், யார் ஏறக் கூடாதுங்கறதை வாத்தியார் முடிவு பண்ணல, ஊர் முடிவு பண்ணுச்சு. தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குத் திண்ணை ஏற வழியில்ல. பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். ஏறினவங்களுக்கும் அது சொர்க்கம் இல்ல. கோதண்டம்னு ஒரு தண்டனை இருந்துச்சு. உத்தரத்துல கயிறு கட்டி அதுல பையனைத் தொங்க விடறது. சட்டாம்பிள்ளையும் ஒண்ணும் மகான் இல்ல. உ.வே. சாமிநாதையர் "என் சரித்திரம்" நூல்ல தன்னோட திண்ணைப் பள்ளி நாட்களை எழுதியிருக்கார். படிச்சுப் பாருங்க, நம்ம ஸ்கூல் ஞாபகம் வரும். ஆக, சொல்லிக் கொடுக்கிறதும் மிரட்டறதும் அந்தப் பதவிக்குள்ள சேர்ந்தேதான் இருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க. கப்பல்ல எது ஏறுச்சுங்கறதுதான் அடுத்த கேள்வி.

எழும்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருப்பீங்க. 1908-ல் திறந்த கட்டடம். அதுக்கு முன்னாடி அந்த இடத்துல கிழக்கிந்தியக் கம்பெனியோட ஒரு சின்னக் கோட்டை இருந்தது. 1789-ல், அதாவது பிரெஞ்சுப் புரட்சி நடந்த அதே வருஷம், எழும்பூர்ல ஆண் பிள்ளைகளுக்கான ஒரு அநாதை இல்லத்தோட பொறுப்பு ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார்கிட்ட வந்தது. அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டார். (தியாகின்னு நினைக்காதீங்க. ராணுவப் பாதிரியாரா ஒரே நேரத்துல பல இடத்துல அவருக்குச் சம்பளம் வந்துக்கிட்டிருந்தது. ஊர் திரும்பும்போது நல்ல சொத்தோடதான் போனார்.)

இல்லத்துல இருந்த பசங்க யாரு? கம்பெனிப் படையில இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களோட பிள்ளைங்க. பெரும்பாலும் அம்மா இந்தியப் பெண். அப்பா போர்ல செத்திருப்பார், இல்லன்னா விட்டுட்டுப் போயிருப்பார். "கலப்பு ரத்தம், இவங்களுக்குப் படிப்பு ஏறாது, ஒழுக்கம் வராது"ன்னுதான் வெள்ளைக்கார ஊர் இவங்களைப் பத்திப் பேசுச்சு. 1791-ல் கம்பெனி இன்னும் ஒரு படி போய், இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவங்களுக்குக் கம்பெனியோட உயர் உத்தியோகங்கள் கிடையாதுன்னே உத்தரவு போட்டுடுச்சு. யோசிச்சுப் பாருங்க. "நீ எவ்வளவு படிச்சாலும் வேலை கிடையாது"ன்னு எழுதி வச்ச பிறகு, அந்தப் பசங்ககிட்ட "நல்லாப் படி"ன்னு சொல்லணும். ஆர்வம் வரலையேன்னு யாரைக் குறை சொல்றது?

இல்லத்து ஆசிரியர்களுக்கும் இதுல நம்பிக்கை இல்ல. பெல் புலம்பிக்கிட்டிருந்தப்பதான் அந்தச் சம்பவம். ஒரு நாள் காலையில குதிரையில போகும்போது ஒரு "மலபார்" பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். அந்தக் காலத்து மெட்ராஸ் வெள்ளைக்காரங்க தமிழர்களைத்தான் மலபார்னு சொல்லுவாங்க, குழம்பிக்காதீங்க. பசங்க தரையில உட்கார்ந்து மணல்ல எழுத்து எழுதறாங்க. பெல் நேரா இல்லத்துக்குத் திரும்பி, கீழ் வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டு, அரிச்சுவடியை இனிமே மணல்ல சொல்லிக் கொடுங்கன்னார். அந்த ஆசிரியர் அது நடக்காதுன்னுட்டார்.

பெல் இன்னொரு ஆளைத் தேடினார். கிடைச்சது ஜான் ஃப்ரிஸ்கென். ஒரு சாதாரணச் சிப்பாயோட பையன். வயசு 8.

எட்டு வயசுப் பையன்கிட்ட அரிச்சுவடி வகுப்பை ஒப்படைச்சார். ஆசிரியர் முடியாதுன்ன வேலையை ஃப்ரிஸ்கென் முடிச்சான். அவனுக்கு உதவியாளர்கள் வந்தாங்க, அவங்களும் பசங்கதான். போகப் போக இல்லம் முழுக்க இந்த முறை பரவுச்சு. வயசைப் பார்க்காம, எது தெரியுமோ அதை வச்சுப் பிரிச்சாங்க. தெரிஞ்சவனும் தெரியாதவனும் ஜோடி. முன்னேறினா மேல் வகுப்பு, தடுமாறினா கீழ் வகுப்பு. யாராவது தப்பு பண்ணினா ஒரு கறுப்புப் புத்தகத்துல எழுதி வச்சு, வாரத்துக்கு ஒரு நாள் பசங்களே ஜூரியா உட்கார்ந்து விசாரிப்பாங்க. பேரு எழுதற வேலை அங்கேயே ஆரம்பிச்சிருச்சுன்னு எனக்குப் படுது. ஆனா தீர்ப்பு சொல்ற இடத்துல சக பசங்க இருந்தாங்க. எங்க கிளாஸ்ல அதுகூட இல்ல.

இந்த இல்லத்துல படிச்ச ஒரு பையனைப் பத்திச் சொல்லியே ஆகணும். பேரு வில்லியம் ஸ்மித். 1792 போருக்கு அப்புறம் திப்பு சுல்தானோட ரெண்டு மகன்களை பிரிட்டிஷார் பிணையா மெட்ராஸுக்குக் கொண்டு வந்து வச்சிருந்தாங்க. 1794-ல் அவங்களைத் திருப்பி அனுப்பும்போது, கூடப் போன குழுவுல ஸ்மித்தும் இருந்தான். அங்கே திப்பு முன்னாடி இயற்பியல் சோதனைகளைச் செஞ்சு காட்டினான். "இவங்களுக்குப் படிப்பு ஏறாது"ன்னு ஒதுக்கின கூட்டத்துல இருந்து ஒரு பையன், கம்பெனியே நடுங்கின ஒரு அரசருக்கு சயின்ஸ் டெமோ காட்டியிருக்கான். எனக்கு இதைப் படமா எடுக்கணும்னு ஆசை. யாராவது எடுங்க.

1796-ல் பெல் கப்பல் ஏறினார். அடுத்த வருஷம் லண்டன்ல, மெட்ராஸ் ஆண்கள் இல்லத்துல செஞ்ச கல்விச் சோதனைன்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அப்ப இங்கிலாந்துல தொழிற்சாலை நகரங்கள் வீங்கிக்கிட்டிருந்த நேரம். தெரு முழுக்கப் படிக்காத குழந்தைங்க. அரசாங்கப் பள்ளிங்கற பேச்சே கிடையாது. அந்தச் சமயத்துல லண்டன்ல ஜோசப் லங்காஸ்டர்னு இருபது வயசு இளைஞர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், ஏழைப் பசங்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். கூட்டம் குவிஞ்சுது, உதவி ஆசிரியர் வைக்கக் காசு இல்ல. பெரிய பசங்களை மானிட்டர் ஆக்கினார். அப்புறம் பெல்லுக்கும் லங்காஸ்டருக்கும் "யார் முதல்ல"ன்னு பெரிய சண்டை. ஒரு பக்கம் திருச்சபை, இன்னொரு பக்கம் சபைக்கு வெளியே இருக்கிறவங்க. ஆளாளுக்குச் சங்கம் வச்சாங்க. கவிஞர்கள்கூடச் சண்டையில இறங்கினாங்க. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது வகுப்பறை எப்படி மாறுச்சுங்கறது.

லங்காஸ்டரோட மண்டபத்தைக் கற்பனை பண்ணுங்க. ஒரே அறை, நூத்துக்கணக்கான பசங்க, நீள நீளமா பெஞ்ச்சு. மேடையில ஒரே ஒரு மாஸ்டர். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மானிட்டர். கட்டளைக்கு எழுந்திருக்கணும், கட்டளைக்கு சிலேட்டைக் காட்டணும். ஒரு மாஸ்டர் ஆயிரம் பேருக்குக்கூடச் சொல்லித் தர முடியும்னு பெருமையாச் சொன்னாங்க. தலைக்கு எவ்வளவு செலவுங்கறதுதான் விளம்பரமே. லங்காஸ்டர் பிரம்படியை எதிர்த்தவர். அது நல்ல விஷயம். ஆனா அதுக்குப் பதிலா அவர் கண்டுபிடிச்சது அவமானம். பேசினவன் கழுத்துல மரக்கட்டை. சிலரைக் கூடையில வச்சு உத்தரத்துல தொங்க விடுவாங்க, எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. நம்ம ஊர்க் கோதண்டத்தோட ஒன்றுவிட்ட தம்பி.

பெல் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்துச்சு? மெட்ராஸ்ல ஒதுக்கப்பட்ட பசங்களை நம்பின அதே மனுஷன், இங்கிலாந்து போன பிறகு எழுதினதோட சாரம்: ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகமாப் படிப்புக் கொடுக்க வேண்டாம், எல்லாருக்கும் எழுத்தும் கணக்கும்கூடத் தேவையில்ல, தங்கள் நிலைக்கு மேல ஆசைப்பட ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைக்கணும்போல இருந்தது. எழும்பூர்ல 200 பசங்களைக் கண்ணெதிர்ல பார்த்துக்கிட்டிருந்தவர், லண்டன்ல பசங்களை மொத்தமாக் கணக்குப் போட ஆரம்பிச்சிட்டார்.

"மெட்ராஸ் முறை"ங்கற பேரு மட்டும் ஊர் ஊராப் போச்சு. கனடாவுல நியூ பிரன்ஸ்விக் பகுதியில மெட்ராஸ் பள்ளிகள்னே திறந்தாங்க. லங்காஸ்டரோட பிராண்ட் நியூயார்க் போச்சு, மெக்ஸிகோ போச்சு. சிமோன் பொலிவார் அழைச்சு லங்காஸ்டரே 1824-ல் கரகாஸ் போனார். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ், கோல்ஃப்புக்குப் பேர்போன ஊர், அங்கே பெல்லோட பணத்துல 1833-ல் திறந்த பள்ளிக்குப் பேரு மெட்ராஸ் காலேஜ். இன்னைக்கும் அதே பேருலதான் நடக்குது. நாம சென்னைன்னு மாத்திட்டோம், அவங்க இன்னும் மாத்தல.

1832-ல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில, ராஜாக்களும் கவிஞர்களும் இருக்கிற இடத்துல, அடக்கம் பண்ணினாங்க. அங்கே இருக்கிற கல்வெட்டு அவரை இந்தப் பரஸ்பரக் கல்வி முறையைக் கண்டுபிடிச்சவர்னு சொல்லுது. அந்த முறையைப் புகழ அது எடுத்துக்கிட்ட வார்த்தைகள்ல ஒண்ணு "உழைப்புப் பிரிவினை". கல்லறையில தொழிற்சாலைச் சொல்! மணல்ல எழுதின தமிழ்ப் பசங்க அந்தக் கல்வெட்டுல இல்ல.

ஆனா வேற ஒரு காகிதத்துல இருக்காங்க. மன்றோ கேட்ட அந்தக் கணக்கெடுப்புக்கு 1823-ல் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் ஒரு பதில் அனுப்பினார். நாட்டுப் பள்ளிகள்ல முன்னேறின மாணவர்கள் பின்தங்கினவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க, அப்படிச் சொல்லிக் கொடுக்கிறதுலயே தங்கள் அறிவையும் உறுதிப்படுத்திக்கறாங்க, இங்கிலாந்து இதைப் பின்பற்றினது தகும்னு அந்த அறிக்கையில எழுதியிருக்கார். அவர் ஒண்ணும் கண்மூடிப் புகழல. பசங்க செய்யுளை அர்த்தம் தெரியாம கிளி மாதிரி ஒப்பிக்கிறாங்கன்னும் அதே அறிக்கையில குறை சொல்றார். காலையில முதல்ல வர்ற பையனோட உள்ளங்கையில சரஸ்வதி பேரை எழுதுவாங்க, ரெண்டாவது வர்றவனுக்கு ஒரு சுழி, மூணாவது ஆளுக்கு லேசா ஒரு அடி, நாலாவது ஆளுக்கு ரெண்டு, அப்படியே கூடிக்கிட்டே போகும்னும் எழுதி வச்சிருக்கார். லேட் கமர்ஸ் எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா இருப்போம்.

சரி, போனது திரும்பி வந்ததா? வந்தது, ஆனா வேற உருவத்துல. 1854-ல் உட்ஸ் அறிக்கை, அரசு மானியம், அதைத் தொடர்ந்து இன்ஸ்பெக்டர்கள். சென்னை மாகாணத்துல "தேர்வு முடிவுக்கு ஏத்த மானியம்"னு ஒரு முறை பல காலம் நடந்துச்சு. இன்ஸ்பெக்டர் வந்து பசங்களைச் சோதிப்பார், எத்தனை பேர் தேறினாங்களோ அதுக்குத் தக்க பணம். இங்கேதான் எல்லாம் தலைகீழாச்சுன்னு நான் நினைக்கிறேன். அதுவரைக்கும் மெதுவாப் படிக்கிற பையன் அவனோட ஓலையில மெதுவாப் போய்க்கிட்டிருந்தான், யாருக்கும் நஷ்டம் இல்ல. இப்ப அதே பையன் வாத்தியாரோட வருமானத்துல ஒரு ஓட்டை. ஒரே வயசு, ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே பரீட்சை. பக்கத்துல இருக்கிறவன்கிட்டக் கேட்டா அது காப்பி. சொல்லிக் கொடுத்தா அது பேச்சு. சட்டாம்பிள்ளை பதவியில சொல்லிக் கொடுக்கிற பாதி கழண்டு விழுந்துடுச்சு, மிரட்டற பாதி மட்டும் என் கைக்கு ஒரு சாக்பீஸா வந்து சேர்ந்துச்சு.

அந்த நூறு வருஷக் கதையில நல்லதும் நடந்துச்சு, அதை மறைச்சா அது பொய். திண்ணை ஏற முடியாத பிள்ளைங்களுக்காக 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் ஒரு இலவசப் பள்ளி தொடங்கினார். பெசன்ட் நகர்ல ஆல்காட் ஸ்கூல்னு பார்த்திருப்பீங்க, அந்த வழி வந்ததுதான். 1920-ல் நீதிக்கட்சிக் காலத்துல, ஆயிரம் விளக்குல ஒரு மாநகராட்சிப் பள்ளியில பசங்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பிச்சாங்க. 1956-ல் காமராஜர் அதைப் பெருசாக்கினார். பசியோட இருக்கிற குழந்தைக்கு "ஆர்வமூட்டும் கற்பித்தல்" பத்திப் பேசறது அபத்தம்னு நம்ம ஊருக்குச் சீக்கிரமே புரிஞ்சிருக்கு. பல நாடுகளுக்கு இன்னும் புரியல. வகுப்புக்குள்ள எல்லாரும் வந்து உட்கார்ந்தாச்சு. வந்த பிறகு என்னங்கற கேள்விக்குத்தான் ரொம்ப நாள் யாரும் வரல.

2003-ல் வந்தாங்க. சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். நீங்க அரசுப் பள்ளியில படிச்சவங்கன்னா ஏ.பி.எல். கார்டுன்னு சொன்னாலே முகத்துல ஒரு சிரிப்பு வரும். ஆந்திராவுல மதனபள்ளி பக்கம் ரிஷி வேலி பள்ளியைச் சேர்ந்தவங்க, சுத்தியிருக்கிற கிராமத்துப் பிள்ளைங்களுக்காக உருவாக்கின முறை அது. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துக் கத்துக்கிட்டு வந்தாங்க. பாடப்புத்தகத்தை உடைச்சு அட்டைகளாக்கினாங்க. சுவர்ல ஒரு ஏணி வரைபடம், ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். குழந்தை தான் எந்தப் படியில நிக்குதுன்னு பார்த்து, அதுக்கான அட்டையைத் தானே எடுத்துக்கிட்டு, தரையில பாயில உட்காரும். ஒரு குழுவுக்கு டீச்சர் கூட இருப்பார். இன்னொரு குழுவுல குழந்தைங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும். இன்னொரு குழு தானாப் படிக்கும். சுவரோட கீழ்ப்பகுதியில, குழந்தைங்க கை எட்டற உயரத்துல, ஆளுக்கொரு கரும்பலகை. மணல் திரும்பி வந்த மாதிரி. 2007 வாக்குல அது மாநிலம் முழுக்கப் போச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம். செங்கல் சூளைக்கு அப்பா அம்மாவோட போயிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வர்ற குழந்தை, எந்த அட்டையில விட்டுச்சோ அதே அட்டையில இருந்து ஆரம்பிக்கலாம். "போர்ஷன் முடிஞ்சு போச்சு"ங்கற வார்த்தையே அந்தக் குழந்தைக்குக் கிடையாது.

அரசுப் பள்ளி ஆசிரியையா இருக்கிற என் தோழிகிட்ட இதைச் சொன்னப்போ அவ சிரிச்சா. "நீ அட்டையைப் பத்திக் கவிதை பாடுற. நாற்பது குழந்தை, ஒரு டீச்சர், பாதி அட்டை கிழிஞ்சு போச்சு, மீதி அட்டை மாறிப் போச்சு. அப்பா அம்மா வந்து, 'என்ன டீச்சர், புத்தகமே இல்ல, ஹோம்வொர்க்கே இல்ல, விளையாடிட்டு வருதுங்க'ன்னு கேட்பாங்க. மேலிடத்துல இருந்து வந்தா எந்தப் பட்டியல்ல டிக் அடிக்கணும்னுதான் பார்ப்பாங்க." எட்டு வயசுப் பையனை நம்பின பெல்லும் கடைசியில எத்தனை பேருக்கு எத்தனை ரூபாய்ங்கற கணக்குலதான் மாட்டினார். மேலிருந்து வர்ற எல்லா முறைக்கும் இந்த வியாதி இருக்கு.

அப்புறம் கொரோனா. ரெண்டு வருஷம் பள்ளி இல்ல. திறந்தப்போ மூணாம் வகுப்புல உட்கார்ந்த குழந்தைக்கு "அ" தெரியல, பக்கத்துக் குழந்தை கதை படிக்குது. 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பைப் பார்க்காம, தெரிஞ்ச அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. பேரு அழகு. ஆனா "நான் மலர், நீ இன்னும் அரும்பு"ன்னு குழந்தைங்க சண்டை போட்டுக்க எவ்வளவு நேரம் ஆகும்? என் தோழிகிட்ட இதையும் கேட்டேன். "வந்து பாரு"ன்னா.

போனேன். செங்கல்பட்டு பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. முதல் கால் மணி நேரத்துக்கு எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். என் கை தானாச் சாக்பீஸைத் தேடுச்சு, சத்தியமா. அப்புறம் காது பழகுச்சு. ஜன்னல் ஓரமா ஒரு பையன். குடும்பம் பீகார்ல இருந்து கட்டட வேலைக்கு வந்திருக்கு. அவன் பக்கத்துல ஒரு பொண்ணு. டீச்சர் ஏதோ சொன்னதும் அவன் இவளைப் பார்த்தான். இவ ஒரு கையை விரிச்சு, மறு கையால ரெண்டு விரலை மடக்கிக் காட்டி, தமிழ்லயே ஏதோ சொன்னா. அவன் தலையாட்டிட்டு எழுதினான். திரும்பவும் பார்த்தான். திரும்பவும் சொன்னா. டீச்சர், அதாவது என் தோழி, அந்தப் பக்கமா ரெண்டு தடவை நடந்து போனா. ரெண்டு தடவையும் அவங்களைத் தாண்டிப் போகும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கிட்டா, அந்தப் பொண்ணு சொல்றது அவனுக்குக் கேட்கட்டும்னு.

நான் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தேன். ஓரத்துல அன்னைக்குத் தேதி. அதுக்குக் கீழே, பதிவு 31, வருகை 28. வேற எந்தப் பேரும் இல்ல.